அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் கற்றுக்கொடுப்பது எப்படி?

மன்னார்குடியில் இருக்கும் என் அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் யுபிஐ மோசடி ஒன்றில் 4,800 ரூபாயை இழந்தார். மின்கட்டணம் கட்டியது பதிவாகவில்லை, இன்றிரவே இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று யாரோ ஒருவன் அழைத்திருக்கிறான். சரிபார்க்க 10 ரூபாய் அனுப்பினால் போதும் என்று சொல்லி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கவைத்து, பின் நம்பரையும் அவர் கையாலேயே அடிக்கவைத்திருக்கிறான். பணம் போனதைவிட என்னை இன்றும் வருத்துவது, அதை அவர் 11 நாள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததுதான். ஊருக்குப் போயிருந்தபோது பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துக் கேட்டேன். "உன்கிட்ட சொன்னா கத்துவியேன்னுதாம்மா சொல்லல" என்றார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது எப்படி என்று அவர் நான்காவது முறையாகக் கேட்டபோது, "எத்தனை தடவைப்பா சொல்றது" என்று போனை அவர் கையிலிருந்து வாங்கி நானே அனுப்பிவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதி, ஒரு பைசா இடிக்காமல் கணக்கு முடித்த மனிதர் அவர். அன்றைக்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்பதையே நிறுத்திவிட்டார் என்பது, பணம் போன கதையைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மகள் திட்டுவாள், மகன் சலித்துக்கொள்வான் என்ற பயம் இருக்கும் வீட்டில் எந்தப் பூட்டும் எந்தக் கடவுச்சொல்லும் வேலை செய்யாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் அதற்குப் பிறகு அவர்கள் இருவருடனும் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டவை.

போனை அவர்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

புதுப் போனைக் கடையிலிருந்து வந்த நிலையிலேயே பெற்றோரிடம் கொடுக்காதீர்கள். முதலில் நீங்கள் ஒரு மணி நேரம் அதனுடன் செலவழியுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்; திரை அணைந்துபோகும் நேரத்தை 30 நொடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு, முடிந்தால் அதற்கும் மேலே கூட்டுங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் திரை அணைந்துவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்ற அலுப்பே அவர்களைப் போனிலிருந்து விலக்கிவிடும்.

அடுத்தது, பலரும் கவனிக்காதது: திரையின் கீழே பின்செல்ல, முகப்புக்கு வர, திறந்திருக்கும் செயலிகளைப் பார்க்க என்று மூன்று பொத்தான்கள் தெரியும்படி வையுங்கள். இப்போது வரும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இவற்றுக்குப் பதிலாக விரலால் இழுக்கும் முறையே முதலில் அமைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நினைவில் வைத்து இழு என்றால் எழுபது வயதில் அது கடினம். பொத்தான் கண்முன் இருந்தால், எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் திரும்பி வரலாம் என்ற தைரியம் வரும். அமைப்புகளுக்குள் தேடினால் இந்த மாற்றம் கிடைத்துவிடும்.

என் அம்மாவுக்கு இருந்த சிக்கல் வேறு. வாட்ஸ்அப் படத்தைத் தொட்டால் திறக்காமல் ஏதேதோ பட்டியல் வருகிறது, போன் கெட்டுவிட்டது என்று பலமுறை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலிங்பெல்லை அழுத்துவதுபோல் விரலை வைத்து, வேலை நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறு பட்டியலைத் திறக்கிறது. போதாக்குறைக்கு, பாத்திரம் தேய்த்தும் புளி கரைத்தும் வறண்டு வெடித்திருந்த விரல்நுனியைச் சில நேரம் திரை உணரவே இல்லை, அதனால் இன்னும் பலமாக அழுத்துகிறார். "நெத்தியில பொட்டு வைக்கிற மாதிரி தொடும்மா, வெச்சதும் எடுத்துடு" என்றேன். அன்று மாலைக்குள் பிரச்சினை தீர்ந்தது. கூடவே, அமைப்புகளில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய், தொட்டுப் பிடித்திருக்கும் நேரத்தை நீளமாக மாற்றிவைத்தேன். கற்றுக்கொடுக்கும்போது திரையைப் பார்ப்பதைவிட அவர்கள் விரலைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த பெற்றோருக்குத் தமிழில் வைப்பதே சரி என்பது என் கருத்து; ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு நான் "செட்டிங்ஸ் போங்க" என்று சொல்ல, அங்கே அப்பாவின் திரையில் "அமைப்புகள்" என்றுதான் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டு அரைமணி நேரம் போனது. பிறகு என் போனையும் ஒரு வாரம் தமிழுக்கு மாற்றிவைத்து, எந்தப் பொத்தானுக்கு என்ன பெயர் என்று நானே பழகிக்கொண்டேன். தொலைவிலிருந்து வழிகாட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

வாட்ஸ்அப்பில் நான்கு மாற்றங்களை நீங்களே செய்து, ஏன் செய்தீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர்கள் மட்டுமே குழுக்களில் சேர்க்கமுடியும்படி வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காதபடி வையுங்கள். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி அதன் ஆறு இலக்க எண்ணை அவர்களே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

கற்றுக்கொடுக்கும் நேரம் முழுவதும் போன் பெற்றோரின் கையில்தான் இருக்கவேண்டும். இந்த விதியைப் பின்பற்றுவது எவ்வளவு கடினம் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நாம் மூன்று நொடியில் முடிக்கும் வேலைக்கு அவர்கள் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். நம் கை தானாக நீளும். என் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன். வாயால் மட்டும் சொல்லுங்கள். தவறான இடத்தில் தொட்டுவிட்டால் உடனே திருத்தாமல், என்ன வந்திருக்கிறது என்று படித்துப் பார்க்கவிட்டு, பிறகு பின்செல்லும் பொத்தானைத் தொடச் சொல்லுங்கள். தவறிப்போய்த் திரும்பி வருவது அவர்களுக்குப் பழகிவிட்டால் மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் வேண்டாம். எதை முதலில் சொல்லித்தருவது என்பதை நீங்கள் முடிவுசெய்யாமல், அவர்களுக்கு எது ஆசையோ அதிலிருந்து தொடங்குங்கள். அம்மாவுக்குப் பணம் அனுப்புவதில் எந்த அக்கறையும் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் தன் தங்கையுடன் முகம் பார்த்துப் பேசவேண்டும் என்பதுதான் அவருக்கு. வீடியோ அழைப்பை நான்கே நாளில் பிடித்துக்கொண்டார். தட்டச்சு வராது என்று தயங்கியவருக்கு ஒலிவாங்கிப் படத்தைக் காட்டி, அதைப் பிடித்துக்கொண்டே பேசிவிட்டு விரலை எடுத்தால் குரல் போய்ச்சேரும் என்று சொன்னேன். இப்போது குழம்புக்குக் கொதி வரும் சத்தம் பின்னணியில் கேட்க, சித்திக்கு நாளுக்கு ஐந்தாறு குரல்செய்தி போகிறது.

ஒரு நோட்டு வாங்கிக்கொடுங்கள், ஆனால் அதில் நீங்கள் எழுதாதீர்கள். அவர்கள் சொந்தக் கையெழுத்தில், சொந்தச் சொற்களில் எழுதினால்தான் நினைவில் நிற்கும். அப்பாவின் நோட்டில் படம் அனுப்பும் முறை இப்படி இருக்கிறது: "பச்சை போன் படம் - பெயர் - கீழே காகித ஊசி - போட்டோ - அம்பு." காகித ஊசி என்பது இணைப்புக்கான ஜெம் கிளிப் சின்னம். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டேன், அவருக்கும் புரிந்திருக்காது. செயலி புதுப்பிக்கப்பட்டுப் பொத்தான் இடம் மாறும்போது, பழைய வரியை அடித்துவிட்டுத் தேதி போட்டுப் புதிதாக எழுதிக்கொள்கிறார்.

பணம்

யுபிஐ 2016-இல் வந்தது. இன்றைக்குப் பூக்காரம்மாவின் கூடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. அதற்காக எல்லா வயதானவர்களும் யுபிஐ பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ரொக்கம் கொடுத்துப் பழகியவர் ரொக்கமே கொடுக்கட்டும். அவரை வற்புறுத்துவதில் எந்த முன்னேற்றமும் இல்லை. ஸ்மார்ட்போனே வேண்டாம் என்பவர்களுக்கு, பொத்தான் போனிலிருந்தே பணம் அனுப்ப யுபிஐ 123பே என்ற வசதி 2022 முதல் இருக்கிறது. விருப்பம் இருப்பவர்களுக்கு மட்டும் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

ஓய்வூதியமோ வைப்புத்தொகையின் வட்டியோ வந்து சேரும் கணக்கை யுபிஐயுடன் இணைக்கவே கூடாது. செலவுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதை மட்டும் இணைத்து, மாதம் 4,000 அல்லது 5,000 ரூபாயை அதில் போட்டுவையுங்கள். யுபிஐயில் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பமுடியும் என்பதை நினைத்துப்பார்த்தால், இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு பெரிய காவல் என்பது விளங்கும். என்ன தவறு நடந்தாலும் போகக்கூடியது அந்தச் சில ஆயிரம்தான். அப்பாவுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெடவில்லை. "சில்லறைச் செலவுக்குத் தனிப் பெட்டி" என்று அவரே பெயர் வைத்துவிட்டார்.

பெற்றோருக்குத் தனிக் கணக்கு சரிவராது என்றால் யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. 2024-இல் அறிமுகமான இந்த வசதியில், உங்கள் கணக்கிலிருந்து அவர்கள் தங்கள் போன் வழியாகச் செலவுசெய்யலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் தரும்படியும் வைக்கலாம். மாதம் 15,000 ரூபாய்க்குள் ஒரு வரம்பு நிர்ணயித்து, அதற்குள் அவர்களே செலவழிக்கும்படியும் வைக்கலாம். வசதியானதுதான். ஆனால், ஒரு கட்டு வெற்றிலை வாங்குவதற்குப் பிள்ளையின் ஒப்புதலுக்காகக் கடைவாசலில் நிற்கும் நிலையை என் அப்பாவுக்கு நான் ஏற்படுத்தமாட்டேன். தனிக் கணக்கையே நான் விரும்புவேன்.

பின் நம்பரைப் பற்றிச் சொல்லித்தரும்போது சொல் பிசகாமல் சொல்லுங்கள். "பணம் வரப் பின் வேண்டாம், பணம் போகத்தான் பின் வேண்டும்" என்ற ஒரு வரியை அவர்களைத் திருப்பிச் சொல்லவையுங்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் பின் கேட்கும் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் திரை வரும்போது வரி பொய்யாகி, உங்கள் மற்ற சொற்கள் மேலும் நம்பிக்கை குறைந்துவிடும். "உங்களுக்கு 2,000 ரூபாய் வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ளப் பின் அடியுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்தான். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டதால் இந்த வகை ஏமாற்றுக்கு ஒரு வாசல் அடைபட்டது, ஆனால் திருடர்கள் வேறு வாசல் தேடாமல் இருக்கமாட்டார்கள்.

பழகுவதற்கு, பக்கத்திலேயே உட்கார்ந்து உங்களுக்கு 1 ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பத்து முறை இப்படி 1 ரூபாய் அனுப்பிய பிறகு, தெரிந்த மளிகைக்கடைக்கு அழைத்துப்போய், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் கியூஆரை ஸ்கேன்செய்ய வையுங்கள். பின்னால் நான்கு பேர் காத்திருக்கும் வரிசையில் முதல் பாடத்தை நடத்தாதீர்கள்.

திருட்டு அழைப்புகளை எப்படிச் சொல்லித்தருவது?

ஒவ்வொரு மோசடியின் பெயரையும் பட்டியல் போட்டுச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. எல்லா மோசடிகளுக்கும் பொதுவான இரண்டு அடையாளங்களைச் சொன்னால் போதும்: ஒன்று, அவசரப்படுத்துவார்கள், மற்றொன்று, வேறு யாரிடமும் சொல்லாதே என்பார்கள். உண்மையான வங்கியோ அரசு அலுவலகமோ உங்கள் பிள்ளையிடம் சொல்லாதே என்று ஒருநாளும் சொல்லாது.

இதில் மிகக் கொடியது டிஜிட்டல் கைது என்று சொல்லப்படுவது. காவல்துறை அல்லது சிபிஐ என்று சொல்லிக்கொண்டு, சீருடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, உங்கள் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, கேமராவை அணைக்காமல் அறைக்குள்ளேயே இருங்கள் என்று மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மிரட்டிச் சேமிப்பு முழுவதையும் கறந்துவிடுகிறார்கள். படித்து, பெரிய பதவிகளில் இருந்து ஓய்வுபெற்றவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது, வீடியோ அழைப்பில் எந்த அதிகாரியும் யாரையும் கைதுசெய்யமுடியாது என்பதைப் பெற்றோர் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நானும் அப்பாவும் இதை நடித்தே பார்த்தோம். நான் அதிகாரியாகக் குரலை உயர்த்திப் பேச, அவர் பதில் சொல்லாமல் அழைப்பைத் துண்டிக்கவேண்டும். முதல் இரண்டு முறை "சார், நான் ஒண்ணும் பண்ணலையே" என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் அழைப்பைப் பாதியில் வைப்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்த தலைமுறை அது. அப்படி வைத்துவிடலாம், அதில் தவறில்லை என்று நாம் வாய்விட்டுச் சொல்லி, கையால் செய்தும் பழக்கவேண்டியிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்புகள், வருகின்றன. அவற்றைத் திறந்து நிறுவினால், போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவருடைய போன் ஏற்கெனவே அவர்கள் பிடியில் இருக்கக்கூடும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை எல்லாச் செயலிகளுக்கும் நீங்களே அமைப்புகளில் மறுத்துவையுங்கள். பெற்றோருக்கு ஒரே வரி: "பத்திரிகை படமாக வந்தால் பார்க்கலாம், நிறுவச் சொன்னால் தொடக்கூடாது."

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். இந்த எண் பெற்றோரின் போனில் "பணம் போனால்" என்ற பெயரில் பதிந்திருக்கட்டும். சைபர் கிரைம் என்று பதிந்தால் பதற்றத்தில் தேடத் தோன்றாது. புகார் பதிவானதும், பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் இருக்கும் தொகையை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடங்களில் மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுவதால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் மீட்கும் வாய்ப்பு அதிகம். என் அப்பா விஷயத்தில் 11 நாள் என்ன செய்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அழைக்கும்போது, போன தொகை, நேரம், வங்கியின் பெயர், பரிவர்த்தனைக்கான 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவை கையில் இருக்கவேண்டும். இந்த எண் யுபிஐ செயலியில் எங்கே இருக்கிறது என்பதை அந்த 1 ரூபாய்ப் பயிற்சியின்போதே காட்டிவையுங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்தவேண்டும், பிறகு சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்துமூலம் பதியவேண்டும்.

அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் என்னவாக இருக்கவேண்டும் என்பதை இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். "ஏன் பின் போட்டீங்க" என்று கேட்காதீர்கள். "நல்லவேளை உடனே சொன்னீங்கப்பா, வாங்க போன் பண்ணுவோம்" என்று சொல்லுங்கள். பணம் போகாத இன்றைய நாளிலேயே அவர்களிடம், எவ்வளவு போனாலும் நான் திட்டமாட்டேன், முதல் அழைப்பு எனக்கு வரவேண்டும் என்று சொல்லிவையுங்கள். நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை; நோட்டைத் திறந்து 1930-க்கு மேலே என் எண்ணை எழுதினார்.

போனே தொலைந்துபோனால் அதை முடக்க அரசின் சஞ்சார் சாத்தி சேவை உதவும். அதற்கு போனின் ஐஎம்இஐ எண் தேவைப்படும். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க எண் அதுதான். அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இதன் பிறகு ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். காலை வணக்கப் படங்களால் நிரம்பிய இடத்தைக் காலிசெய்வது, செயலிகளைப் புதுப்பிப்பது, தெரியாமல் நிறுவப்பட்டவற்றை அவர்களிடம் கேட்டுவிட்டு நீக்குவது ஆகியவை அந்த நேரத்தில் முடிந்துவிடும். ஓய்வூதியம் வாங்குபவர்களாக இருந்தால், நவம்பரில் தரவேண்டிய உயிர்வாழ் சான்றை முகத்தைக் காட்டியே போனில் பதிந்துவிடலாம். கைரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காமல் திரும்பி வந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மீதி நேரத்தில் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, மருந்துச்சீட்டைப் படமெடுத்து விரலால் பெரிதாக்கி மாத்திரையின் பெயரைப் படிப்பது எப்படி என்று அப்பா எனக்குக் காட்டினார். போன் அவர் கையில்தான் இருந்தது.